டேக்சாவில் வெந்த வியட்நாம் நூல்

பட்டு நூல் வாங்கும் வேலைக்கு வந்திருக்கிறீர்கள். சந்தோஷம். ஒன்றை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். புடவை நன்றாக வந்தால் நெய்தவர் கைராசி என்பார்கள். நிறம் எடுப்பாக நின்றால் சாயக்காரர் திறமை என்பார்கள். இரண்டும் கெட்டால் மட்டும் 'எவன்யா நூல் வாங்கினது?' என்று கேட்பார்கள். தலை கறுத்திருந்த காலத்திலிருந்து முழுக்க வெளுத்த காலம் வரை அந்த 'எவன்' நான்தான். இப்போது அந்த நாற்காலி உங்களுடையது. அதற்கு முதுகுப் பக்கம் சரியில்லை, ஒரு தலையணை வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாளி என்னைக் கூப்பிட்டு, "பசங்களுக்கு நாலு விஷயம் சொல்லிட்டுப் போங்க பாய்" என்றார். நூலின் ரகம், தரம், ஈரப்பதம் இதையெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அதற்கு உங்களிடம் மெஷின் இருக்கிறது, என் விரலைவிட நன்றாகவே சொல்கிறது. நான் சொல்ல நினைப்பது ஒரே ஒரு புடவை ஆர்டரைப் பற்றி. நூல் தட்டுப்பாடு வந்த அந்த வருடம் மொத்தமும் எனக்கு அந்த ஓர் ஆர்டரில் அடங்கிவிட்டது. நெசவு போச்சு, காலம் கெட்டுப் போச்சு என்று புலம்பப்போகிறேன் என்று யாராவது நினைத்தால், அந்தப் புலம்பலுக்கு ஊரில் வேறு ஆள் இருக்கிறார்கள். நான் நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்குகிற மனிதன்.

நோய்க்காலத்துக்கு முன்னால் என் வேலை சுலபம். நைசு ரகத்துக்குச் சீன நூல்தான் வேண்டும் என்றால் பெங்களூர் வியாபாரிக்கு ஒரு போன். மூட்டை லாரியில் ஏறும், மறுநாள் காஞ்சிபுரத்தில் இறங்கும். நடுவில் கடல் என்று ஒன்று இருக்கிறது, துறைமுகம் இருக்கிறது, அங்கே யாரோ ஒருவர் பெட்டியை ஏற்றி இறக்குகிறார் என்கிற நினைப்பே எனக்கு வந்ததில்லை. குழாயைத் திறந்தால் தண்ணீர் வருவது போலத்தான் நூல் வந்தது.

எல்லாரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்த காலத்தில்கூட எனக்குத் தலைவலி இல்லை, ஏனென்றால் வேலையே இல்லை. கடை திறந்த பிறகுதான் வினை. தள்ளிப்போட்ட கல்யாணமெல்லாம் ஒன்றாக வந்து நின்றது. சென்னை, சிங்கப்பூர், மலேசியா எல்லா ஊரிலும் புடவை வேண்டும். நூலோ எங்கோ ஒரு துறைமுகத்தில் கண்டெய்னருக்குள் உட்கார்ந்திருக்கிறது. காலையில் வியாபாரி சொன்ன விலை, நான் டீ குடித்துவிட்டுத் திரும்பக் கூப்பிட்டால் இல்லை. அதற்கு அடுத்த வாரம் விலையும் இல்லை, நூலும் இல்லை.

இதே நேரத்தில் இன்னொன்றும் நடந்தது. எல்லாச் சாமானையும் சீனாவிலேயே செய்துகொண்டிருந்த கம்பெனிகள், ஒரே கூடையில் எல்லாவற்றையும் வைக்க வேண்டாம் என்று கொஞ்சத்தை வியட்நாமுக்கும் கொஞ்சத்தை நம் பக்கமும் தூக்கிக்கொண்டு வந்தன. ஒரகடத்துப் பக்கம் புதுசு புதுசாகக் கட்டிடம் எழும்பியது. நம் தறிக்காரர்கள் இருக்கும் பக்கத்து ஐயம்பேட்டைத் தெருவுக்குள் கம்பெனி வேன் வர ஆரம்பித்தது. எங்கள் நூலை நிறுத்தியதும் அந்த வேனை அனுப்பியதும் ஒரே காற்றுதான். அந்தக் காற்று எங்கே வந்து முட்டியது என்று கேட்டால், கஜலட்சுமி வீட்டு முன்னறையில்.

கஜலட்சுமி நமக்கு நெய்கிறவர். ஐயம்பேட்டையில் சொந்த வீடு, முன்னறையில் குழித்தறி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தத் தறியில் உட்காருகிறார். கணவர் தாமோதரனும் நெசவுக் குடும்பம்தான். ஆனால் நோய்க்காலத்தில் வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே என்று வேன் ஓட்டப் போனவர், அதிலேயே நின்றுவிட்டார். கம்பெனிப் பெண்களை ஷிஃப்ட்டுக்குக் கொண்டுபோய் விட்டு அழைத்து வருவது அவர் வேலை. நல்ல மனிதர். இந்தக் கதையில் வில்லனைத் தேடாதீர்கள், கிடையாது.

வைகாசி மாதம் ஒரு நாள் அவர்கள் வீட்டுக்குப் போனேன். தாமோதரன் முன்னறையில் குனிந்து டேப் வைத்து அளந்துகொண்டிருந்தார்.

"இன்னா தாமு, அளவு எடுத்துக்கினு இருக்கே?"

"ரெண்டு கட்டில் போட்டா நடக்க எடம் இருக்குமான்னு பாக்கறேன் பாய். நம்ம வண்டியில வர்ற பொண்ணுங்க ரெண்டு பேரு ரூம் கேட்டுக்கினு இருக்காங்க. ஆடி பொறந்தா வந்துடறோம்னு சொல்லியிருக்காங்க."

"அப்போ தறி?"

அவர் டேப்பைச் சுருட்டினார். கஜலட்சுமி தறியில்தான் இருந்தார். காலைக் குழியில் தொங்கவிட்டு, பலகையில் நேராக உட்கார்ந்திருந்தார். தறியில் பாவு இல்லை, நீளவாக்கில் ஓட வேண்டிய இழையே ஏற்றவில்லை.

"பாவு இல்லாத தறியில உக்காந்துக்கினு இன்னாமா பண்றே?"

"சும்மா உக்காந்து பாக்கறேன் பாய். ஒடம்பு மறந்துடக் கூடாதில்ல."

புதிதாக வந்தவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டும். நம் தறிக்காரர்கள் ஒரு பாவு முடிந்தால் தறியை மொட்டையாக விடமாட்டார்கள். கடைசிப் புடவையை அறுத்த பிறகு, பழைய பாவில் ஒரு முழத்தை, இழை கோத்திருக்கும் அச்சிலேயே மிச்சம் விட்டுவைப்பார்கள். புதுப் பாவு வந்ததும் விரலில் சாம்பல் தொட்டு, பழைய இழையோடு புது இழையை ஒவ்வொன்றாக முறுக்கிப் பிணைப்பார்கள். அந்த மிச்சம் தொங்குகிறவரை தறி அடுத்த பாவுக்குக் காத்திருக்கிறது என்று அர்த்தம். அதை அறுத்துவிட்டால் ஆயிரக்கணக்கான இழையையும் முதலிலிருந்து கோக்க வேண்டும். அறுத்தவர்கள் திரும்பக் கோத்து நான் அதிகம் பார்த்ததில்லை.

கஜலட்சுமியின் தறியில் அந்த மிச்சம் தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்துக் காலில் ஓர் ஆணி, ஆணியில் கத்தரி.

"இவளுக்கு நான் எதிரி இல்ல பாய்," என்றார் தாமோதரன். "எம்மாந் நாளைக்கு சும்மா நின்னுக்கினு இருக்கும்? அந்தப் பொண்ணுங்க வந்தா மாசா மாசம் கைக்கு வரும். நீங்களே சொல்லுங்க."

அவர் சொன்னது நியாயம்.

"அவரே சொல்லிட்டாரு பாய்," என்றார் கஜலட்சுமி. "ஆடிக்குள்ள ஒரு பாவு ஏறி வேலை ஓடினா தறி இருக்கட்டும்னு. ஏறலைன்னா மிச்சத்தை நானே அறுத்துடுவேன். அவரு கையால வாணாம்."

அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார், அரிசி களைய வேண்டும் என்று சொல்வது போல. எனக்குத்தான் அங்கே நிற்க முடியவில்லை. ஷேர் ஆட்டோவில் ஏறி ஊர் வந்து சேரும்வரை அந்தக் கத்தரிதான் கண்ணில் நின்றது. அவருக்கு நான் வாக்கு எதுவும் கொடுக்கவில்லை. கையில் நூல் இல்லாதவன் வாக்கைக் கொடுத்து என்ன ஆகப்போகிறது?

அந்த வாரமே கோலாலம்பூரிலிருந்து பரமேஸ்வரி கூப்பிட்டார். அங்கே சின்னதாகப் புடவைக் கடை வைத்திருக்கிறார். முன்பெல்லாம் வருடா வருடம் நேரில் வருவார். நம் மெத்தையில் உட்கார்ந்து, ஒவ்வொரு புடவையையும் விரலால் கசக்கிப் பார்த்து, தன் பெட்டியிலேயே அடுக்கிக்கொண்டு விமானம் ஏறுவார். நோய்க்காலத்துக்குப் பிறகு எல்லாம் வீடியோவில்தான்.

"பசியாறிட்டீங்களா பாய்? ஒரு கல்யாண ஆர்டர். அக்கா தங்கச்சிங்க மூணு பேரு. மூணு பேருக்கும் ஒரே அரக்கு, ஒரே பச்சை பார்டர். துளிகூட வித்தியாசம் இருக்கக் கூடாது."

"எப்போ வேணும்?"

"ஆவணியில. ரெண்டு தடவை தள்ளிப் போன கல்யாணம் பாய். கல்யாணப் பொண்ணு இதுக்கு மேல தாங்க மாட்டா."

ஒரு பாவில் மூன்று புடவை. ஒரே பாவு, ஒரே தறி என்றால் மூன்றும் ஒரே மாதிரி வந்துவிடும். கஜலட்சுமி தறிக்கு அளவெடுத்து வந்த ஆர்டர் போலிருந்தது. ஆனால் கிடங்கில் இருந்த சீன நூல் ஒரு பாவுக்குக்கூடப் போதாது. பெங்களூர் வியாபாரியைப் பிடித்தேன். "சீனா இல்ல பாய். வியட்நாம் இருக்குது, வேணுமா?" என்றார்.

அந்த வியட்நாம் நூலின் மாதிரி ஊரில் எல்லார் கைக்கும் ஏற்கெனவே வந்து போயிருந்தது. தொட்டுப் பார்த்த எல்லாரும் உதட்டைப் பிதுக்கினார்கள். மஞ்சள் பாய்ந்திருக்கிறது, விறைப்பாக இருக்கிறது, கயிறு திரிக்கலாம் என்றார்கள். நானும் தொட்டுப் பார்த்தேன். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

முதலாளி ஒரு யோசனை சொன்னார். "இருக்கற சீன நூலோட அதையும் கலந்து பாவு போட்டுடலாமே பாய். சாயத் தொட்டியில போனா எல்லாம் ஒண்ணுதானே?"

எனக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கும். எங்கள் ஆபீசில் எல்லாருக்கும் தெரியும். "முதலாளி, ரெண்டு ஊர் நூலு ரெண்டு விதமா சாயம் குடிக்கும். தறியில தெரியாது, வெளிச்சத்துல விரிச்சா கோடு கோடா தெரியும். மூணு அக்கா தங்கச்சியும் கல்யாண மேடையில வரிக்குதிரை மாதிரி நிப்பாங்க. பரவாயில்லையா?"

"அப்போ ஆர்டர் வாணாம்னு சொல்லிடுங்க."

"நாளைக்குச் சொல்றேன்," என்றேன்.

நாளைக்கு என்பது கருட சேவை. ரோடெல்லாம் அடைத்து, ஊரே தெருவில் நிற்கும் நாள். ஆபீஸ் லீவு. நான் அந்த வியட்நாம் நூலில் ஒரு சின்னக் கட்டு, சிட்டம் என்போம், அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, கூட்டம் குறைந்த சந்தாகப் பார்த்து வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். நூலை வேகவைத்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. சாயப்பட்டறையில் கேட்டால் ஊருக்கெல்லாம் செய்தி போகும். வீட்டில் பெரிய பாத்திரம் என்று இருந்தது மெஹருடைய டேக்சா ஒன்றுதான். மெஹர் என் மனைவி. எங்கள் வீட்டுப் பேச்சு உருது. உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன், திட்டை மட்டும் பாதியாகக் குறைத்திருக்கிறேன்.

"இதுல இன்னா போட்டீங்க?"

"சோப்பு."

"அதுக்குள்ள இன்னா மெதக்குது?"

"வியட்நாம்."

"வெள்ளிக்கிழமை பிரியாணி எதுல ஆக்கறது? உங்க வியட்நாம்லயா?"

பட்டு வேகும்போது வரும் நாற்றம் உங்களுக்குத் தெரியும். மெஹர் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டாள். நான் கரண்டியால் கிளறிக்கொண்டே நின்றேன். பச்சைப் பட்டு நூலின் மேல் இருக்கும் பசை இறங்கி, தண்ணீர் கூழ் மாதிரி கலங்கியது. சீன நூலை வேகவைத்தால் இவ்வளவு பசை இறங்காது. எடுத்து அலசிப் பிழிந்து உதறினேன். என் கையில் வேறொரு நூல் இருந்தது. வெள்ளையாக, வழவழப்பாக, மினுமினுவென்று. நான் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து சிரித்தேன், தனியாக.

ஊர் மொத்தமும் செய்த தப்பு அதுதான். எங்கள் கை சீன நூலுக்குப் பழகிய கை. பசையைத் தொட்டுப் பார்த்துவிட்டு நூல் சரியில்லை என்று சொல்லிவிட்டோம். வேகவைத்தால் எடை கூடுதலாகக் குறையும், அதனால் கூடுதலாக வாங்க வேண்டும். அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் அது தறியில் இழுப்பைத் தாங்குமா என்பது டேக்சாவுக்குத் தெரியாது. அதைத் தறிதான் சொல்ல வேண்டும். மெஹர் அன்று சாயங்காலமே புது டேக்சா வாங்கிவிட்டாள். பழையதில் இன்றுவரை துணி ஊறுகிறது.

இப்போது கவனமாகக் கேளுங்கள். நூல் நன்றாக இருக்கிறது என்று எனக்குத் தோன்றிவிட்டது. கஜலட்சுமிக்கு ஒரு பாவு வேண்டும். கொண்டுபோய்க் கொடுத்தால் வாய் பேசாமல் வாங்கிக்கொள்வார். நான் பெரிய உபகாரி மாதிரி திரும்பி வரலாம். ஆனால் அந்த நூல் தறியில் அறுந்து அறுந்து விழுந்தால்? நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும், புடவை கையில் வந்தால்தான் கூலி. நூல் வாங்கியவனுக்குச் சம்பளம் வந்துவிடும், விற்றவனுக்கு விலை வந்துவிடும், நடுவில் உட்கார்ந்து நெய்தவருக்கு மட்டும் ஒன்றும் இருக்காது. கூடவே தறியும் போய்விடும். தெரியாத நூலை முதலில் யார் தறியில் ஏற்றுவது என்று யோசிக்கும்போது, அதன் ஆபத்தையும் சேர்த்துத்தான் ஏற்றுகிறோம்.

மறுநாள் முதலாளியிடம் போனேன். "வியட்நாம் நூல் வாங்குவோம். கலக்காம, முழுப் பாவும் அதுலயே. ஐயம்பேட்டை கஜலட்சுமிக்குக் குடுப்போம். ஒரு கண்டிஷன். நூலு தாங்கலைன்னாலும் அவங்களுக்கு முழுக் கூலி."

"நெய்யாத புடவைக்குக் கூலியா? நல்லா இருக்குதே பாய். தறிக்காரங்க ரிஸ்க் எடுக்காம வேற யாரு எடுப்பாங்க?"

"நூலைத் தேர்ந்தெடுத்தது நாம. அவங்க இல்ல."

அவர் டீ கொண்டுவரச் சொன்னார். டீ வந்தது. குடித்தார். நானும் எழுந்திருக்கவில்லை. வேலையை விட்டுப் போகச் சொல்லிவிடுவாரோ என்றுகூட நினைத்தேன்.

"சரி பாய்," என்றார் கடைசியில். "ஆனா தப்பாப் போச்சுன்னா அந்த மூணு புடவையும் உங்க வீட்டுக்குத்தான்."

"எங்க வீட்ல மூணு புடவைக்கு ஆள் இருக்குது முதலாளி."

அவரும் சிரித்துவிட்டார். முதலாளியைச் சிரிக்க வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கஜலட்சுமியிடம் எல்லாவற்றையும் உடைத்துச் சொன்னேன். புது நூல், யாரும் நெய்து பார்த்ததில்லை, தாங்காமலும் போகலாம், ஆனால் கூலி உண்டு. அவர் கூலியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "எப்போ வரும்?" என்றார்.

பரமேஸ்வரியிடமும் சொன்னேன். "நூலு இந்தத் தடவை வேற நாட்டுது."

"நான் புடவைதானே கேட்டேன். நூலோட பாஸ்போர்ட்டையா கேட்டேன்?" என்று சிரித்தவர், பிறகு குரல் மாறினார். "ஆனா பாய், என்னால தொட்டுப் பாக்க முடியாதே. அதுதான் பயமா இருக்கு. நல்லா வரலைன்னா நீங்களே சொல்லிடணும். மறைக்கக் கூடாது."

"மறைக்க மாட்டேன்," என்றேன். அந்த ஒரு வாக்கை மட்டும் கொடுத்தேன்.

நூல் வந்து, வெந்து, சாயம் ஏறி, பாவாகி, ஆனி மாதம் நடுவில் கஜலட்சுமி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. பிணைத்து முடித்து நெசவும் ஆரம்பித்துவிட்டார் என்று செய்தி வந்தது. சரி, முடிந்தது என்று நான் நிம்மதியாக இருந்தேன். அப்படி இருக்கவே கூடாது. சில நாளிலேயே தாமோதரன் போன் செய்தார். "பாய், இழை அறுந்துக்கினே இருக்குது. கொஞ்சம் வந்து பாருங்க."

அதே காலையில்தான் பெங்களூரிலிருந்தும் போன் வந்தது. கண்டெய்னர் சென்னைக்கு வந்துவிட்டது, சீன நூல் எவ்வளவு வேண்டும் என்று. முதலாளிக்கும் அந்தச் செய்தி போயிருந்தது. நான் ஐயம்பேட்டையில் இறங்கி அவர்கள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவரிடமிருந்து அழைப்பு.

"பாய், நல்ல நேரத்துல நூலு வந்துடுச்சு. அந்த வியட்நாம் பாவை அறுத்து எடுத்துடுங்க. கூலி குடுத்துடலாம், சொன்ன வார்த்தைதான். சீன நூல்ல புதுசா போட்டுக்கலாம்."

போனைக் காதில் வைத்தபடியே உள்ளே போனேன். சுவரோரம் இரண்டு கட்டில் ஒன்றன் மேல் ஒன்றாகக் கிடந்தன, பிரிக்காத கட்டோடு. தாமோதரன் வேன் ஓட்டும் யூனிபார்மில் நின்றிருந்தார். கஜலட்சுமி தறியில். போனில் பேசுவது அவருக்கும் கேட்டிருக்கும், முதலாளி குரல் அப்படி. அவர் என்னைப் பார்க்கவில்லை. ஆணியில் இருந்த கத்தரியைப் பார்த்தார்.

அறுத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். சீன நூலை முறுக்கேற்றி, வேகவைத்து, சாயம் போட்டு, பாவாக்கிக் கொண்டுவருவதற்குள் ஆடி பிறந்துவிடும். தறி இருக்கும் இடத்தில் கட்டில் வந்துவிடும். ஆவணிக் கல்யாணத்துக்கு வேறு தறியில் அடித்துப் பிடித்து நெய்ய வேண்டும். அறுக்காமல் விட்டு, நூலும் தாங்காமல் போனால், தறியும் இல்லை, புடவையும் இல்லை, என் பேரும் இல்லை. பிரிக்காத அந்தக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

உட்கார்ந்த பிறகுதான் புத்தி வந்தது. நூல் அறுகிறது என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அறுகிறது என்றால் எந்தப் பக்கமாகப் போகிறது என்று யாரும் கேட்கவில்லை.

"கஜாம்மா, மொத நாளைக்கும் இன்னிக்கும் பாத்தா அறுந்து போறது கூடுதா, கொறையுதா?"

அவர் கத்தரியிலிருந்து கண்ணை எடுத்தார். கொஞ்சம் யோசித்தார். "கொறையுது பாய். மொத நாளு பழைய நூல் நெனப்புல இழுத்துக் கட்டிட்டேன். இப்போ தளத்திக்கினு வர்றேன். இன்னிக்குக் காலையிலேர்ந்து ரெண்டோ மூணோதான் போச்சு."

"அத ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றார் தாமோதரன்.

"நீ கேட்டியா? அறுந்துச்சா அறுந்துச்சான்னுதானே கேட்டுக்கினு இருந்தே."

நான் போனில் சொன்னேன். "முதலாளி, கொறைஞ்சுக்கினு வருது. பாவு இருக்கட்டும்."

"உங்க பொறுப்பு பாய்."

"என் பொறுப்புதான்."

போனை வைத்தேன். கஜலட்சுமி மிதியை மிதித்தார். குறுக்கு நூலை இழுத்துக்கொண்டு நாடா ஓடியது. தாமோதரன் மணியைப் பார்த்துவிட்டு வேனுக்குப் போனார். நான் மட்டும் அந்தக் கட்டிலின் ஓரத்திலேயே, அடுத்த இழை எப்போது அறுகிறது என்று பார்த்துக்கொண்டு மதியம் வரை இருந்தேன். ஒன்று போனது. அதை எடுத்து முடிந்துவிட்டுத் தொடர்ந்தார். அவ்வளவுதான்.

ஆடி பிறந்த பிறகு முதல் புடவை அறுத்தார்கள். மிச்ச இரண்டும் அதே பாவில் இருப்பதால், முதலாவதைப் பார்த்தால் மூன்றையும் பார்த்த மாதிரி. வீடியோவில் பரமேஸ்வரியைக் கூப்பிட்டு, கஜலட்சுமி வீட்டிலிருந்தே காட்டினேன். முதலில் தொடக்கத்தில் இருந்த முடிச்சுகளைக் காட்டினேன். மறைக்க மாட்டேன் என்று சொன்னேனே.

"அது உள்ள சொருகற பக்கம்தானே பாய். விடுங்க," என்றார். "நெறம் நல்லா இருக்கு. ஆனா கையில எப்படி இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

கஜலட்சுமிதான், "போனைக் கிட்ட கொண்டாங்க பாய்" என்றார். முந்தானையை இரண்டு கையிலும் அள்ளி, போனுக்குப் பக்கத்தில் வைத்து இறுக்கிக் கசக்கி விட்டார். சரக் என்று ஒரு சத்தம். நல்ல பட்டைக் கசக்கினால் வருமே, அந்தச் சத்தம்.

"இன்னொரு தடவை," என்றார் பரமேஸ்வரி. கஜலட்சுமி மறுபடி கசக்கினார். இந்த முறை பரமேஸ்வரி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "போதும்மா. மத்த ரெண்டையும் முடிச்சு அனுப்பிடுங்க. அந்தப் பொண்ணுக்கு இன்னிக்கே சொல்லிடறேன்." தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

மூன்று புடவையும் விமானப் பார்சலில் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. ஆவணியில் போட்டோ வந்தது. மூவரும் ஒரே அரக்கு. முதலாளி அதைப் பெரிதாக்கி, வரிக்குதிரை எங்காவது தெரிகிறதா என்று தேடிப் பார்த்தார். கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு நம் கிடங்கில் இரண்டு நாட்டு நூலும் தனித்தனி அலமாரியில் இருக்கின்றன. தெரியாத நூல் எது வந்தாலும் முதல் பாவுக்குக் கூலி உத்தரவாதம் என்பதும் நம் கடை வழக்கமாகிவிட்டது. முதலாளி அதைத் தன் யோசனை என்று வெளியில் சொல்வார். சொல்லிக்கொள்ளட்டும், உங்களுக்கு அது நடந்தால் போதும்.

புரட்டாசியில் கஜலட்சுமிக்கு அடுத்த பாவு போயிற்று. இந்த முறை சீன நூல். எப்படிப் போகிறது என்று பார்க்க நானும் போனேன். அந்தப் பெண்கள் இருவரும் குடிவந்திருந்தார்கள். முன்னறை கிடைக்காததால் உள்ளறையைக் கொடுத்துவிட்டு, புருஷன் பெண்டாட்டி தறிக்குப் பக்கத்திலேயே பாய் விரித்துக்கொள்கிறார்கள். கூடத்தில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்த ஒரு பெண், கம்பெனியில் தான் பூட்டுகிற பாகம் வரும் அட்டைப் பெட்டியில் வியட்நாம் என்றுதான் எழுதியிருக்கும் என்றாள். "நம்ம வீட்டுக்கு எல்லாமே அங்கேர்ந்துதான் வருதா பாய்?" என்று கஜலட்சுமி கேட்டார். "வாடகையும் சேத்துதாம்மா," என்றேன். சிரித்தார்.

தறிக்கு முன்னால் தாமோதரன் யூனிபார்மோடு உட்கார்ந்திருந்தார். விரலெல்லாம் சாம்பல். தொங்கிக்கொண்டிருந்த வியட்நாம் மிச்சத்தோடு புதுச் சீன இழையை ஒவ்வொன்றாக முறுக்கிப் பிணைத்துக்கொண்டிருந்தார். வேன் எடுக்க இன்னும் நேரம் இருக்கிறதாம். நானும் எதிரில் உட்கார்ந்து கொஞ்சம் பிடித்துக்கொடுத்தேன். ஓரத்தில் ஓர் இழை நீளமாக நின்றது. வெட்டிவிடலாம் என்று தறிக்காலில் இருந்த ஆணிப் பக்கம் கையை நீட்டினேன். ஆணி வெறுமையாக இருந்தது.

"கத்தரி எங்கமா?"

"அதுவா? பால் பாக்கெட் வெட்டறதுக்குப் பொண்ணுங்க எடுத்துக்கினு போச்சுங்க பாய்," என்றார் கஜலட்சுமி. "அடுப்பாண்டதான் கெடக்கும்."